மூலை மடித்த கார்டுகள்

இளையவர்களே, போன வாரம் பழைய தொழிலாளர் பதிவுகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றுகிற வேலைக்காக என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டிருந்தீர்கள். ஓய்வு பெற்றவளுக்கு நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போட்டு, பால் விடாத தே ஓ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தீர்கள். உங்களில் ஒருத்தி, கவிதா, திரையில் ‘தொழிலாளி’ என்ற கிளாஸை, அதாவது ஒரு தொழிலாளியின் விவர அச்சைத் திறந்து, அதில் எந்தெந்தப் பண்புகள் டேபிளோடு பொருத்தப்பட்டிருக்கின்றன என்று மென்பொருள் லைப்ரரியிடமே கேட்டாள். அது கடகடவென்று ஒப்பித்தது. பெயர், கார்டு எண், பிறந்த தேதி, லயத்து வீட்டு எண். இது டேபிளின் நெடுக்கில் ஓடுகிற நேரடிப் பத்தி, இது இன்னொரு டேபிளுக்குப் போகிற உறவு, இது கணக்கிட்டுச் சொல்வது என்று பிரித்து வேறு காட்டியது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அந்தக் காலத்தில் நாங்கள் மூன்று நாள் பென்சிலும் ரூலருமாகச் செய்த வேலை அது.

பட்டியலின் அடியில் ஒரு பெயரில் அவள் விரல் நின்றது.

“ஆண்ட்டி, இது என்னா லிப்பாட்? மலாய்ல மடிக்கிறதுதானே? எந்த ஃபார்ம்லயும் இது இல்ல. யாரும் தொடுறதும் இல்ல. தூக்கிடட்டா?”

“தூக்காத லா!” என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார். ஏன் என்று கேட்டீர்கள். எனக்குப் பதற்றம் வந்துவிட்டால் பேச்சு வராது. வீட்டுக்குப் போய் அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன்.

நான் பதினைந்து வயதில் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எண்பதுகளின் நடுவில் குவாலா சிலாங்கூர் டவுனில், ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த தோட்டக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் தட்டச்சுக்காரியாகச் சேர்ந்தேன். நானும் சைத்தோன் என்ற மலாய்ப் பெண்ணும்தான் அங்கே நிரந்தரம். புரோகிராமர் ஐயா கோலாலம்பூரிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், படித்த மனிதர். காலையில் வந்ததும் ஏர்கண்டிஷனைத் தட்டிவிட்டு, “என்ன பிள்ளை, இண்டைக்கு என்ன பயம்?” என்று கேட்பார். ஏனென்றால் எனக்கு தினம் ஒரு பயம் இருக்கும். நேற்று ஏற்றியது அழிந்திருக்குமோ, ஒரே பெயரில் இருக்கிற இரண்டு முனியம்மாவில் ஒருத்தி காணாமல் போயிருப்பாளோ என்று. படித்தவர்கள் தப்பு செய்தால் தப்பு என்பார்கள். படிக்காதவள் தப்பு செய்தால் ‘படிக்காதவள்தானே’ என்பார்கள். அந்த இரண்டாவது வார்த்தைக்குப் பயந்தே நான் எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்த்தேன்.

புக்கிட் ரோத்தான் பக்கம் கம்பெனிக்கு ஒரு செம்பனைத் தோட்டம் இருந்தது. அங்கே ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு தடித்த மஞ்சள் கார்டு உண்டு. காலையில் பெரட்டுக் களத்தில், அதாவது எல்லாரும் வரிசையில் நின்று வேலை வாங்கிக்கொள்கிற இடத்தில், கிராணி என்கிற தோட்டத்து எழுத்தர் அந்தக் கார்டுகளைப் புரட்டித்தான் யார் பழம் பொறுக்க, யார் புல்லுக்கு மருந்து அடிக்க என்று பிரிப்பார். வேண்டியவர்களுக்கு லேசான வேலை கொடுக்கிறார் என்று ஒரு புகார் எப்போதும் இருந்தது. அதனால் கம்பெனி ஒரு முடிவு எடுத்தது. கார்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அதுவே முறை வைத்துப் பட்டியல் போடட்டும், கிராணி படிக்கட்டும், அவ்வளவுதான்.

புரோகிராமர் ஐயா கார்டைப் பார்த்து ஒரு பொருத்தத் தாள் போட்டார். கார்டில் இந்தக் கட்டம், கோப்பில் இந்தப் பத்தி என்று கோடு போட்ட தாள். இன்று உங்கள் லைப்ரரி மனப்பாடமாக வைத்திருப்பதை அன்று ஒரு தாள் வைத்திருந்தது. கார்டில் இருபது கட்டம், கோப்பில் இருபது பத்தி. “முடிஞ்சுது” என்று சொல்லிவிட்டு ஐயா ஊருக்குப் போய்விட்டார்.

கார்டுகள் பெட்டி பெட்டியாக வந்தன. வியர்வையும் பழ எண்ணெயும் பட்டுப் பட்டு முறுகிப்போன கார்டுகள். சிலவற்றுக்கு மூலை மடிந்திருந்தது. அடுக்கினால் அடுக்கு சாய்ந்தது. எனக்குத்தான் எதுவும் கோணலாக இருந்தால் பொறுக்காதே. சைத்தோனிடம், மடிந்ததையெல்லாம் நிமிர்த்தி, காகிதப் பெட்டிக்கு அடியில் வை என்று சொன்னேன். நானும் நிமிர்த்தினேன். நகத்தால் தேய்த்துத் தேய்த்து நிமிர்த்தினேன். மறுநாள் பார்த்தால் அடுக்கு சீட்டுக்கட்டு மாதிரி நின்றது. அதைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

ஏற்றி முடித்தோம். முதல் பட்டியலை அச்சடித்து, ஒரு நாள் மத்தியானம் லோரியில் தோட்டத்துக்கு அனுப்பினோம். மறுநாள் காலையிலிருந்து அதைப் படித்துத்தான் வேலை. கார்டுகள் மட்டும் திருப்பி அனுப்புவதற்காக எங்களிடம் இருந்தன.

லோரி போனதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. வழக்கமான பயம்தான். அதைத் தீர்க்க நான் வழக்கமாகச் செய்வது ஒன்று உண்டு. கோப்பிடம், உன்னிடம் என்னென்ன பத்தி இருக்கிறது என்று கேட்டு ஒரு பட்டியல் எடுப்பேன். ஒவ்வொரு பத்தியும் கார்டில் எங்கிருந்து வந்தது என்று பார்த்து டிக் போடுவேன். அன்றும் போட்டேன். இருபதுக்கு இருபது. பயம் தீரவில்லை.

சரி, திருப்பிப் போட்டுப் பார்ப்போம் என்று தோன்றியது. பத்தியிலிருந்து கார்டுக்குப் போகாமல், கார்டிலிருந்து பத்திக்கு. ஒரு கார்டை எடுத்துக் குருடி மாதிரி விரலால் தடவிக்கொண்டே வந்தேன். விரலில் படுவது ஒவ்வொன்றும் எங்கே போயிற்று? பெயர், இதோ. எண், இதோ. ரப்பர் முத்திரை, இதோ. நூல் கோக்கிற ஓட்டை, அது வேண்டாம். எண்ணெய்க் கறை, அது வேண்டாம். வலது மேல் மூலையில் ஒரு தழும்பு.

இது எங்கே போயிற்று?

எங்கேயும் போகவில்லை. காகிதம் என்றால் மடியும்தானே என்று விட்டிருக்கலாம். என் குணத்துக்கு விடவில்லை. அடுத்த கார்டை எடுத்தேன், அதற்கடுத்ததை எடுத்தேன். தழும்பு இருந்ததெல்லாம் பெண்களின் கார்டு. ஆண்கள் கார்டில் ஒன்றுகூட இல்லை. எல்லாமே வலது மேல் மூலை, எல்லாமே முன்பக்கமாக மடித்தது. தானாக மடிகிற காகிதம் ஆணா பெண்ணா என்று பார்த்தா மடியும்?

ஒரு கார்டு என் கையிலேயே தங்கிவிட்டது. பெயர் புஷ்பம். அந்த மூலையில் மடிப்புக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, காகிதம் நைந்து, கிழிகிற நிலையில் இருந்தது. அதைத் தேய்த்து நிமிர்த்தியது நான்தான், நினைவு இருந்தது.

நாலரை மணிக்கு லோரிக்காரர் பட்டியலைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். கார்டைக் காட்டிக் கேட்டேன்.

“அண்ணே, இந்த மூலைய யாரு மடிக்கிறது?”

அவர் கார்டைப் பார்க்காமல் சாவிக்கொத்தைப் பார்த்தார். “அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்லா, தங்கச்சி.”

“சொல்லுங்கண்ணே. எனக்குப் பயமா இருக்கு.”

“ஒனக்கு எப்பதான் பயமா இல்ல?” என்றவர் என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து போடுற டிரசர் மடிப்பாரு. முழுகாம இருக்கிற பிள்ளைங்க மூணு மாசம் தாண்டாம வெளியில சொல்ல மாட்டாங்க. பெரட்டுல ஆம்பளைங்க முன்னால சொல்லவும் முடியாது. ஆஸ்பத்திரிப் பக்கம் போயி டிரசர் காதுல மட்டும் போட்டுருவாங்க. அவரு கார்ட மடிச்சு வச்சிருவாரு. மடிச்ச கார்டுக்குக் கிராணி மருந்துப் பம்பு குடுக்க மாட்டாரு. அவ்வளவுதான். ஒரு வார்த்த பேச வேண்டியதில்ல.”

புஷ்பத்தின் கார்டைத் திருப்பினேன். பின்பக்கத்தில் ‘பிள்ளைகள்’ என்று ஒரு கட்டம். அது காலி. மூலையில் அத்தனை மடிப்பு, கட்டத்தில் ஒன்றுமில்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். அச்சடித்த பட்டியலின் நகலைப் பார்த்தேன். நாளைக் காலை மருந்து அடிக்கிற கூட்டத்தில் முறைப்படி அவள் பெயர் இருந்தது.

தோட்ட ஆபீசுக்குப் போன் போட்டேன். மூடிவிட்டார்கள். கோலாலம்பூருக்குப் போட்டேன். ஐயா எடுத்தார்.

“கோப்பில உள்ளதெல்லாம் சரிதானே பிள்ளை?”

“சரிதாங்கையா. கோப்புல இல்லாதது ஒண்ணு கார்டுல இருக்கு.”

“என்னது?”

“மடிப்பு.”

அவர் சிரித்தார். “காகிதம் மடியத்தான் செய்யும். மடிப்பெல்லாம் தகவலா?” நான் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. பிறகு சொன்னார்: “துரை பங்களாவுக்கு வேணுமெண்டால் நான் போன் பண்ணுறன்.”

தோட்ட மேனேஜர் துரைக்குச் சொன்னால் நின்றுவிடும். ஆனால் அவர் என்ன செய்வார்? யார் யார், பெயரை எழுதிக் கொண்டு வா என்பார். டிரசர் காதில் மட்டும் போட்ட விஷயம் துரை மேசைக்கும், வேலையை மேய்க்கிற மண்டோர் வாய்க்கும் போகும். அதற்கப்புறம் எந்தப் பெண்ணும் டிரசரிடம் வாய் திறக்கமாட்டாள். இந்தத் தடவை நாலு பேரைக் காப்பாற்றி, அடுத்த தடவை எல்லாரையும் பம்பு தூக்க விட்டதாக ஆகும்.

“வேணாங்கையா. நானே போறேன்” என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

காலை ஐந்து மணி லோரியில், கார்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பெரட்டுக் களத்தில் நாங்கள் இறங்கும்போதே கிராணி பட்டியலைப் படிக்கத் தொடங்கியிருந்தார். டிரசர் வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்னால். “அண்ணே, சத்தம் போடாம அவரக் கூட்டிட்டு வாங்க” என்று லோரிக்காரரை அனுப்பினேன்.

“புஷ்பம். மருந்து கேங்கு.”

மெலிந்த ஒரு பெண் நிமிர்ந்து கிராணி முகத்தைப் பார்த்தாள். அவர் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். குனிந்து பம்பின் வாரைப் பிடித்தாள்.

“கிராணி ஐயா, நிப்பாட்டுங்க! அந்த லிஸ்ட் தப்பு!”

அவ்வளவு பேர் முன்னால் நான் அதுவரை சத்தம் போட்டதில்லை. மண்டோருக்குக் கொண்டாட்டம். “நேத்துதான் கம்ப்யூட்டரு தப்பே பண்ணாதுன்னு தொர சொன்னாரு. இன்னைக்கே காச்சல் வந்திருச்சா அதுக்கு? எம்சி லீவு எடுத்திருக்கா?” களமே சிரித்தது.

“என்னா தப்பு? எந்தப் பேரு தப்பு?” என்றார் கிராணி.

இளையவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சரியான பதில் எனக்குத் தெரியும். ‘புஷ்பம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும். அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லக் கூடாது.

“ஒரு பேரு இல்ல, மொத்தமே தப்பு. நான்தான் தப்பா ஏத்திட்டேன். அரை மணி நேரம் குடுங்க, சரி பண்ணித் தர்றேன். அது வரைக்கும் பொம்பளைங்க யாருக்கும் எந்த வேலையும் பிரிக்காதீங்க.”

“தொர வந்து கேட்டா நான் என்னா சொல்றது?”

“என் தப்புன்னு எழுதித் தர்றேன்.”

அவர் பட்டியலைத் திருப்பி என்னிடம் நீட்டினார். அதன் முதுகில், இந்தப் பட்டியலில் உள்ள பிழை என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆபீசில் சேர்ந்ததிலிருந்து நான் கையெழுத்துப் போட்ட முதல் காகிதம் அதுதான். எழுதியதில் பொய் இல்லை. நிமிர்த்தச் சொன்னது நான்.

மண்டோர் விடவில்லை. “படிச்ச பிள்ளைய அனுப்பியிருந்தா இந்த வம்பு வந்திருக்குமா?” என்றார். எந்த வார்த்தைக்கு நான் வருஷக்கணக்கில் பயந்தேனோ அது அத்தனை பேர் முன்னால் வந்து விழுந்தது. ஆச்சரியம் என்னவென்றால், ஒன்றும் ஆகவில்லை. நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

டிரசர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று கையசைத்தார். பெட்டியோடு போனேன். கார்டுகளைப் பார்த்தார்.

“நிமித்திட்டீங்களா?”

“அடுக்கு நேரா இருக்கணும்னு...”

அவர் திட்டவில்லை. கார்டுகளைப் புரட்டி, நினைவிலிருந்தே நாலு கார்டை எடுத்தார். மூன்றைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தி மடித்தார். புஷ்பத்தின் கார்டை மட்டும் மடிக்கவில்லை. மடித்தால் கையோடு வந்துவிடும். காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளை பிளாஸ்டரில் ஒரு துண்டு வெட்டி, மூலையின் இரண்டு பக்கமும் ஒட்டினார். அப்புறம் மெதுவாக மடித்தார்.

பெட்டியைக் கிராணியிடம் கொண்டுபோய் வைத்தேன். அவர் மேலே இருந்த மடித்த கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“எல்லாத்தையும் ஏத்திட்டோம்னு சொன்னீங்களே. இதையும் ஏத்தியிருப்பீங்கன்னுல்ல நான் நெனச்சேன்” என்றார் மெல்ல.

அவரும் அப்படி நினைத்தார். புஷ்பமும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். மெஷினுக்குத் தெரிந்தே தன் பெயரைக் கூப்பிட்டிருக்கிறது, அப்படியானால் போகத்தான் வேண்டும் போல என்று குனிந்துவிட்டாள். மெஷினுக்கு எது தெரியாது என்பது, அதை ஏற்றிய எங்களைத் தவிர யாருக்கும் தெரிய வழியில்லை. இதைத்தான் நீங்கள் மறக்கக் கூடாது.

அன்று வேலை கார்டைப் பார்த்தே பிரிக்கப்பட்டது. புஷ்பத்துக்கு நாற்றுமேடையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. போகிற வழியில் என் பக்கத்தில் வந்து, முகத்தைப் பார்க்காமல் முந்தானையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

“கம்ப்யூட்டர் அக்கா, ஒங்க மெஷினு இனிமேலும் இப்புடியே தப்பு பண்ணட்டும்லா.”

அந்த வாரம் புரோகிராமர் ஐயா வந்தார். அன்று “என்ன பயம்” என்று கேட்கவில்லை. பொருத்தத் தாளை என் முன்னால் வைத்து, “இருபத்தோராவது பத்திக்குப் பெயர் சொல்லு பிள்ளை” என்றார்.

“ஐயா, அதுக்கு அர்த்தம் தெரியற மாதிரி பேரு வைக்கக் கூடாது. பட்டியல யாரு வேணும்னாலும் பாப்பாங்க.”

“சரி. வேற?”

“எந்தப் படிவத்துலயும் அது வரக் கூடாது. அச்சுலயும் வரக் கூடாது. டிரசர் கார்டு எண்ண மட்டும் ஒரு சீட்டுல எழுதி அனுப்பட்டும். காரணம் வேணாம். நான் ஏத்துறேன். ஏத்தினா மருந்து கேங்குல அந்தப் பேரு வராது. ஏன் வரலைன்னும் யாருக்கும் தெரியாது.”

அவர் பொருத்தத் தாளில் அதையெல்லாம் எழுதிக்கொண்டார். “இதை எந்தக் கல்லூரியிலயும் சொல்லித் தரேல்லை” என்றார். பக்கத்திலிருந்த சைத்தோன்தான் “லிப்பாட்” என்றாள். மடி. அதுவே பெயராயிற்று. அதற்குப் பிறகு அவர் எந்தத் தோட்டத்துக்குப் பொருத்தத் தாள் போட்டாலும், என் கையெழுத்து இல்லாமல் ஏற்றவிடமாட்டார். மூன்றாம் படிவக்காரியின் கையெழுத்து. சும்மா சொல்லவில்லை, இன்று நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

கவிதா, உன் லைப்ரரி பொருத்தியதையெல்லாம் அழகாக ஒப்பிக்கிறது. பொருத்தாமல் விட்டதை அது ஒருநாளும் சொல்லாது. அதைக் கேட்க விரலைத் திருப்பிப் போட்டுத் தடவ வேண்டும். லிப்பாட்டைத் தூக்குவதா வேண்டாமா என்பதை இனி நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன் ஒரு காலையில் தோட்டத்துக்குப் போய், இப்போது பம்பை யாருக்குக் கொடுப்பதில்லை, அதை யார் எப்படித் தெரிந்துகொள்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள். ‘எந்த ஃபார்மிலும் இல்லை’ என்று நீ சொன்னது சரி. இருக்கக் கூடாது என்று நான்தான் சொன்னேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருஷம் டிரசரிடமிருந்து ஒரு சீட்டு வந்தது. வழக்கம்போல கார்டு எண் மட்டும். அதற்குக் கீழே, வழக்கத்துக்கு மாறாக, இன்னொரு வரி. புஷ்பத்தின் எண்ணைத் திறந்து லிப்பாட்டைக் காலி செய்தேன். ‘பிள்ளைகள்’ பத்தியில் ‘1’ என்று தட்டினேன். சரியாகப் பதிந்திருக்கிறதா என்று திறந்து பார்த்தேன். பதிந்திருந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்தேன். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது மறுபடி ஒரு தடவை.

அந்த மூன்று தடவையும் நான் பயத்தில் பார்க்கவில்லை.